பேனா வைத்த உறை

பீட்டர்ஹெட் துறைமுகத்துக்கு மேலே
இரண்டாம் மாடி, வடக்குப் பார்த்த சன்னல்.
மேசைமேல் அறுநூற்றுப் பன்னிரண்டு உறைகள்.
பாதியில் ஒரு நீலப் பேனா,
பாதியில் இல்லை.
யாருக்குப் பேனா என்று நாங்கள் முடிவு செய்யவில்லை;
கணினி காசு சுண்டியது.

தோள்வலிக்கு ஊசியா, பயிற்சியா?
அது பெரிய ஆய்வு.
அதன் வயிற்றுக்குள் எங்கள் சின்ன ஆய்வு:
பேனா வைத்தால் பதில் வருமா?

சிரிப்பார்கள்.
அபர்டீனிலிருந்து வந்த பேராசிரியரும் சிரித்தார்,
விடுபட்ட வரிசைகளை எண்ணிக் காட்டும்வரை.
ஐந்தில் ஒருவர் எழுதாமல் போனால்
மீதி நால்வரின் தோள் யாருக்காகப் பேசும்?
வலி தீர்ந்து மறந்தாரா,
வலி தாளாமல் விட்டாரா?
வெற்றுக் கட்டம் இரண்டுக்கும்
ஒரே வெள்ளை.

ஆள் சேர்த்ததே பெரும்பாடு.
முதல் எட்டு மாதம், நாற்பத்தொரு பேர்.
பன்னிரண்டு பக்கத் தகவல் ஏடு.
"சமவாய்ப்பு முறை ஒதுக்கீடு" என்ற இடத்தில்
வந்தவரெல்லாம் தடுக்கி விழுந்தார்கள்.

எல்ஸ்பெட் மேர்,
மீன் வெட்டும் கூடத்தில் முப்பது ஆண்டு,
வலது கை தலைக்கு மேல் ஏறாது.
ஏட்டை மூடி வைத்துக் கேட்டாள்:
"எது நல்லதென்று உங்களுக்கே தெரியாதா?"
தெரியாது என்றேன்.
"அதை முதல் வரியில் போட்டால் என்ன,
கையா ஒடிந்துவிடும்?"

போட்டோம்.
பழைய ஏடு பாதிப் பேருக்கு,
அவள் வரி உள்ள ஏடு பாதிப் பேருக்கு,
அதையும் சுண்டித்தான் பார்த்தோம்.
நூற்றுக்கு மூன்று பேர் கூடுதலாக வந்தார்கள்.
எல்ஸ்பெட் வரவில்லை.
வெள்ளிக்கிழமை காலை மருத்துவமனை,
வெள்ளிக்கிழமை காலை மீன் ஏலம்.
அதற்கு எந்த ஏட்டிலும் வரி இல்லை.

நான்கு ஆண்டு. பிறகு இந்த உறைகள்.

அக்டோபரில் பதில்கள் வரத் தொடங்கின.
இஷ்பல் கத்தியால் கிழித்துக் கொடுப்பாள்,
நான் எண்ணைப் பதிவேன்.
தேநீர்க் கறை, நாய் கடித்த மூலை,
"தூக்கம் எப்படி?" என்ற கேள்விக்கு
ஒருவர் விளிம்பெல்லாம் எழுதியிருந்தார்
கப்பல் விற்ற கதையை.

ஒரு செவ்வாய், எடையுள்ள ஓர் உறை.
கேள்வித்தாள் இல்லை.
ஐஸ் வாங்கிய ரசீதில் சுற்றிய
எங்கள் பேனா.
ரசீதின் பின்புறம் பென்சிலில்:
"பதில் சொல்ல மனமில்லை.
ஆகவே பேனா என்னுடையதல்ல.
இன்னஸ் கௌவி."

தபால்தலை அவர் காசு.

"இதுவும் பதில்தானே?" என்றாள் இஷ்பல்.
ஒரு மணி நேரம் வாதம். தேநீர் ஆறியது.
நெறிமுறையைத் திறந்தோம்,
முகம் எதையும் பார்க்கும் முன்னே எழுதியது:
நிரப்பிய தாள் வந்தால் ஒன்று,
மற்றதெல்லாம் சுழி.
அப்படி எழுதியதுதான் நியாயம்,
இன்றும் அதையே சொல்வேன்.
சுழி என்று பதிந்தேன்.
விரல் கொஞ்சம் தயங்கியது;
அதற்குக் கட்டம் இல்லை.

பேனா வைத்ததில் நூற்றுக்கு எண்பத்து மூன்று,
வைக்காததில் எழுபத்தொன்பது.
நாலு பேர் வித்தியாசம்
நிசமாகவும் இருக்கலாம்,
காசின் குறும்பாகவும் இருக்கலாம்.
இன்னும் நாலைந்து ஊரில் யாராவது
பேனா வைத்துப் பார்த்து
எங்கள் கணக்கோடு சேர்த்துக் கூட்டட்டும்.
இப்படித்தான் எழுதி அனுப்பினேன்.
கடைசிப் பத்தியைப் பேராசிரியர் அடிக்கவில்லை.

திரும்பி வந்த பேனா என் மேசையில்.
நன்றாகவே எழுதுகிறது.
அதனால்தான் எழுதி வைத்திருக்கிறேன் அடுத்ததை:
கேள்வித்தாளின் தலையில் ஒரு கட்டம்,
"எனக்கு மனமில்லை" என்று.
அது இருந்திருந்தால்
இன்னஸ் கௌவி அதில் குறி போட்டு
பேனாவை வைத்துக்கொண்டிருப்பாரா?
இல்லை, மனமுள்ளவர்களும்
அதைக் கண்டதும் நழுவிவிடுவார்களா?

தெரியாது.
சுண்டிப் பார்க்க வேண்டும்.